துளித் துளியாய் வளரும் கல்

விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு செல்லும் புகைவண்டி, மலைச் சுரங்கங்கள் பலவற்றைக் கடந்து எங்களை அனந்தகிரி மலையிலுள்ள பொர்ரா குகையருகே இறக்கிவிட்டது. ‘பொர்ரா’ என்றால் பொந்து என்று பொருள்.

படிகளில் இறங்கியதும் வியந்து நின்றோம். மேலிருந்து ஆலம் விழுதுபோல் கற்கள் தொங்கின; தரையிலிருந்து மெழுகுவர்த்திபோல் கற்கள் எழும்பி நின்றன.

இவற்றை உருவாக்கிய சிற்பி யார்? மழைநீரே! அது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து உள்ளே கசிகிறது. குகைக் கூரையில் துளியாகத் தொங்கும்போது அவ்வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. இவ்வாறு தொங்குவது ஸ்டாலக்டைட். கீழே விழும் துளியால் தரையில் வளர்வது ஸ்டாலக்மைட். இரண்டும் கூடினால் தூண்.

இத்தகைய கற்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கே வளர்கின்றன. ஆண்டவர் இயேசு பிறந்த காலத்தில் துளிர்த்த கல், இன்று ஏறக்குறைய ஒரு சாண் நீளமே இருக்கும்!

எங்களுள் ஒருத்தி ஆசையோடு கை நீட்டினாள். “தொடாதேம்மா!” என்று சிஸ்டர் தடுத்தார். கையிலுள்ள எண்ணெய்ப் பசை ஒட்டினால் சுண்ணாம்பு சரிவரப் படியாமல் வளர்ச்சி குன்றிவிடும். ஒடிந்தாலோ, நம் ஆயுளில் மீண்டும் வளராது. அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

இறைவன் ஈராயிரம் ஆண்டு பொறுமையாய்ச் செய்ததை ஒரு நொடியில் கெடுக்க நமக்கு உரிமையில்லை என்பதை உணர்ந்து திரும்பினோம்.