ஆடாத மேட்சுக்கு கம்ப்யூட்டர் தீர்ப்பு! செத்தவர் அமெரிக்காவில் ஜெயித்தார், ஐரோப்பாவில் தோற்றார்!

ராஜபாளையம் பள்ளி கால்பந்து அணிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கும் இறுதி ஆட்டம். பிடித்தது பாருங்கள் மழை! மைதானம் குளமாகிவிட்டது. மறுநாள் பரீட்சை. இனி ஆட வழியில்லை. கோப்பை யாருக்கு? பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்.

"எங்க கோலியைத் தாண்டி ஒரு பந்து போகுமாய்யா?" என்பார் ராஜபாளையத்துக்காரர். "ஆடியிருந்தா தெரிஞ்சிருக்கும்!" என்பார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பக்கத்து ஊர்தான். ஆனால் விட்டுக்கொடுப்பார்களா?

கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். இரு அணியும் அதுவரை அடித்த கோல், வாங்கிய கோல் எல்லாவற்றையும் எண்ணாக்கிக் கொடுத்தால் போதும். சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கிக் குலுக்கி, அதே ஆட்டத்தை 10 ஆயிரம் தடவை ஆடிப்பார்க்கும். அதிக தடவை ஜெயித்தவருக்குக் கோப்பை!

கோர்ட்டுக்குப் போன அலி

1967-ல் அமெரிக்க ரேடியோவில் இதைச் செய்தார்கள். வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை சாம்பியன்களைக் கம்ப்யூட்டர் மோதவிட்டது. முகமது அலி, பழைய சாம்பியன் ஜெப்ரீசிடம் தோற்றதாக அது சொன்னது. போடாத சண்டையில் தோல்வியா? கொதித்துப்போன அலி, 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்!

வழக்கு சமரசமானது. 1969-ல், தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவுடன் சினிமாவுக்காக மோதினார் அலி. மார்சியானோவுக்கு 45 வயது, தலையில் 'விக்'! பல விதமான முடிவுகளைப் படம்பிடித்தார்கள். எது உண்மை முடிவு என்று இருவருக்குமே தெரியாது.

படம் பிடித்த சில வாரங்களில், ஆகஸ்டு 31-ந்தேதி, விமான விபத்தில் மார்சியானோ பலியானார். முடிவைப் பார்க்க அவர் இல்லை.

1970 ஜனவரி 20-ந்தேதி படம் வெளியானது. அமெரிக்காவில் 13-வது ரவுண்டில் அலி 'நாக்-அவுட்'. ஐரோப்பாவிலோ அலிக்கு வெற்றி! கம்ப்யூட்டர் பேரைச் சொல்லி ஊருக்கு ஒரு தீர்ப்பு!

எழுதாத பரீட்சை

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இந்தக் கதை நடந்தது. அது விளையாட்டு அல்ல, மார்க். 2021-ல் கொரோனாவால் பிளஸ்-2 பொதுத்தேர்வு ரத்தானது. 10-ம் வகுப்பு மார்க்கில் இருந்து 50 சதவீதம், பிளஸ்-1 மார்க்கில் இருந்து 20, பிளஸ்-2 செய்முறை மற்றும் பள்ளி மதிப்பெண்ணில் இருந்து 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள். கடைசி வருஷம் விழுந்து விழுந்து படித்த பையனை அந்தக் கணக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? 10-ம் வகுப்பில் கோட்டைவிட்டவன் கோட்டைவிட்டவன்தான்!

திருப்தி இல்லாதவர்கள் தேர்வு எழுதலாம் என்று அரசு அறிவித்தது. கணக்கை நம்பாத பிள்ளைகள் ஆகஸ்டில் பேனாவோடு போய் உட்கார்ந்தார்கள்.