தாளில் வகுத்த வான்வழி

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் மாலை மணி ஓய்ந்ததும் என் பறப்பு தொடங்கும். மாடியறைக் கணினியே என் விமானம். "சிறுபிள்ளை விளையாட்டு" என்பாள் மனைவி. விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆயினும், 1982இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதற் பதிப்பில் வெறுங் கோடுகளாய் நின்ற நிலம், இன்று மேடுபள்ளங்களோடு திரையில் விரிகின்றது. வழியை வகுக்காது புறப்படுபவன் மலையில் மோதுவான்.

மோதியவன் நானே. இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோடு இழுத்து, 4,000 அடி உயரம் போதுமென்று மனக்கணக்குப் போட்டேன். கண்டிக்கு அப்பால் முகிலுக்குள் புகுந்தேன்; வெளியே வரவில்லை. திரை கறுத்தது. எனக்கோ மீண்டும் ஒரு கோப்பை தேநீர்!

1974 டிசம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டச்சு டி.சி.8 விமானத்தில் இருந்தோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டுநாயக்கா அண்மித்துவிட்டதென எண்ணி விமானிகள் உயரத்தைக் குறைத்தனர். உண்மையில் மலைநாடு இன்னும் அவர்களுக்குக் கீழேயே இருந்தது. மஸ்கெலியாப் பகுதியில், ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். உயரத்தில் மட்டுமன்று, தாம் நின்ற இடத்திலேயே பிழை.

அதன் பின்னரே நான் தாளும் பென்சிலும் எடுத்தேன். வழிக்கு வடபுறமுள்ள நக்கிள்ஸ் சிகரங்கள் 6,000 அடியை மிஞ்சுவன. மலைப்பகுதியில் அவற்றுக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும். ஆக, 8,000க்கும் அதிகம். கிழக்கு நோக்கிப் பறப்போர்க்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்கு நோக்கிப் பறப்போர்க்கு இரட்டைப்படை என்பது விதி. எதிரெதிரே வருவோர் ஒரே உயரத்தில் சந்தியாதிருக்கும் எளிய ஏற்பாடு. எனவே 9,000. திரும்பும்போது 10,000.

பலாலிக்கு இத்துணைக் கவலையில்லை. 1947 டிசம்பர் 10ஆந் திகதி ஏயர் சிலோனின் முதல் டக்கோட்டா பறந்த வழி அது, பெரும்பாலும் சமதரை.

இறக்கத்தையும் குறித்தேன். ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் வீதம், மட்டக்களப்புக்கு 27 கடல் மைல் முன்பு. அஃதாவது மகா ஓயாவை அண்டி. அதற்குமுன் நெம்பைத் தொடுவதில்லை.

திரையில் வாவி தெரிந்தபோது மனைவியை அழைத்தேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துவருமுன் சில்லுகள் தரையைத் தொட்டுவிட்டன.