உருக்கை ஒளிக்காத வீடுகள்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸ் புறநகர்களிலும் பழைய வீடுகளை வாங்கித் திருத்தியமைக்கும் எம்மவர் குடும்பங்கள் பெருகிவிட்டன. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவேயுள்ள சுவரை அகற்றி, மேல்மாடியின் பாரத்தைத் தாங்க ஓர் உருக்கு வளையை ஏற்றுவது இன்று வழமையான வேலை. வளை ஏறியதும் ஒரு கேள்வி எழுகின்றது: அதைப் பலகையடித்து மறைப்பதா, கண்ணுக்குத் தெரிய விடுவதா? மறைப்பதே நாகரிகம் என்பது எம்மிற் பலரின் எண்ணம். ஊரிலே பனந்தீராந்தியையும் சிலாகையையும் பார்த்தபடி படுத்துறங்கியவர்கள்தாம் நாம்!

இக்கேள்விக்குப் பாரிஸ் மாநகரின் நடுவே தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விடை நின்றுகொண்டிருக்கின்றது. ஏழாம் வட்டாரத்தில், சேன் கியோம் வீதியின் 31ஆம் இலக்கத்து முற்றத்தினுள்ளே இருக்கும் அவ்வீட்டைப் பிரெஞ்சு மக்கள் 'மெசோன் டு வேர்', அதாவது கண்ணாடி வீடு, என அழைப்பர். அது புதிதாகக் கட்டப்பட்ட வீடன்று. பழைய வீடொன்றைத் திருத்தியமைத்ததன் விளைவே அது.

மகப்பேற்று மருத்துவர் ஷோன் டல்சாசும் அவர்தம் துணைவியார் ஆனியும் அங்கிருந்த பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதுவீடு கட்ட விரும்பினர். ஆனால் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த மூதாட்டி ஒருவர் வெளியேற மறுத்துவிட்டார். சட்டம் அவர் பக்கம் நின்றது. பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் பியேர் ஷரோ என்ன செய்தார்? மூதாட்டியின் மாடியை அப்படியே விட்டு, அதன் கீழிருந்த தளங்களை மட்டும் அகற்றி, உருக்குத் தூண்களால் அதனைத் தாங்கினார். தூண்களுக்கிடையே கிடைத்த வெளியிலே மருத்துவமனையும் வாழ்வறைகளும் எழுந்தன. 1928இல் தொடங்கிய பணி 1932இல் நிறைவெய்தியது. ஒல்லாந்துக் கட்டடக் கலைஞர் பேர்ணாட் பைவூட், இரும்பு வேலையில் கைதேர்ந்த லூயி டல்பே ஆகியோர் அவருடன் உழைத்தனர்.

வாழ்வறையில் அத்தூண்கள் எவ்வித மறைப்புமின்றி நிற்கின்றன. தகடுகளைப் பிணைத்த ஆணித்தலைகள்கூட வெளியே தெரிகின்றன. செந்நிறமும் கருநிறமும் பூசி, சில பக்கங்களில் சிலேற்றுக் கற்பலகைகளைப் பதித்துள்ளனர். வெறும் உருக்கு மட்டுமெனில் அவ்வறை தொழிற்சாலையாகத் தோன்றியிருக்கும். அருகிலே கல்லும், மரமும், முகப்பெங்கும் பதித்த கண்ணாடிக் கற்களூடு கசியும் மென்னொளியும் சேர்ந்தபோதே அது வீடாயிற்று. ஷரோ முன்னரே மரத்தையும் அடித்துத் தகடாக்கிய இரும்பையும் இணைத்துத் தளபாடங்கள் செய்தவர். அந்தக் கைப்பழக்கமே இங்கு துணைநின்றது என்பது என் கருத்து.

அழகுக்கு மயங்கி எவரும் அவசரப்பட வேண்டாம். உருக்கு எரியாது, ஆனால் ஏறத்தாழ 600 பாகை செல்சியசில் தன் வலுவிற் பாதியை இழந்துவிடும். வீட்டுத் தீயொன்றில் அவ்வெப்பம் எளிதில் எட்டப்படும். பிரித்தானியக் கட்டட விதிகளின்படி, சாதாரண இருமாடி வீட்டில் மாடியைத் தாங்கும் வளை 30 நிமிடம் தீக்கு ஈடுகொடுக்க வேண்டும். பலகையடித்து மூடுவதன் உண்மையான காரணம் இதுவே, நாகரிகம் அன்று. மூடாது விடுவதாயின், வெப்பம் பட்டதும் பொங்கி நுரைத்து உருக்கைப் போர்த்துகின்ற தனிவகைப் பூச்சினைப் பூசுதல் வேண்டும். வளையின் அளவைப் பொறியியலாளரே கணிக்க வேண்டும். அயலவர் வீட்டு வளையைப் பார்த்து வாங்குவது ஆபத்து. இன்னொன்று: ஓக் மரத்தின் துவர்ப்பு, ஈரம் பட்ட இரும்புடன் சேரின் மை கொட்டியது போற் கறுத்துவிடும். இரண்டையும் நேராக முட்டவிடாதீர்கள்.

ஷரோவின் கதைக்கு மீள்வோம். அதன் மறுபாதி எமக்கு அந்நியமானதன்று. 1940இல் ஜேர்மன் படைகள் பிரான்சைக் கைப்பற்றியபோது, யூதப் பின்புலமுடைய அவர் நாட்டைவிட்டு வெளியேறி, மொறோக்கோ வழியாக நியூயோர்க்கை அடைந்தார். மனைவி டொலி பின்னர் சென்று சேர்ந்தார். பாரிசில் பெயர்பெற்றிருந்த கலைஞரை அங்கு அறிந்தோர் மிகச்சிலர். தம்மிடமிருந்த கலைப்பொருட்களை விற்று நாட்களை ஓட்டினார்கள்.

அந்நிலையில் ஓவியர் றொபேட் மதர்வெல், லோங் ஐலன்ட் தீவின் ஈஸ்ட் ஹம்ப்டனில் தமக்கொரு வீடமைத்துத் தருமாறு ஷரோவைக் கேட்டார். போர் முடிந்து, படையினரின் 'குவொன்செற்' கொட்டகைகள் எஞ்சிக் கிடந்த காலம் அது. அரைவட்டமாக வளைந்த உருக்கு விலாக்களின்மேல் நெளிதகடு போர்த்திய அக்கொட்டகைகளை அமெரிக்கக் கடற்படை 1941இலிருந்து செய்வித்தது. ஒன்றரை இலட்சம் வரையில் உருவாகின. தகரக் கொட்டகையின் வெக்கையையும் குளிரையும் முகாம்களில் அனுபவித்த வாசகர்களுக்கு அதனை நான் விளக்கத் தேவையில்லை. 1947 அளவில் ஷரோ அத்தகைய கொட்டகையொன்றை வீடாக்கினார். ஒரு பக்கத்துத் தகட்டை வெட்டி, பழைய பசுமைக்குடிலொன்றின் கண்ணாடிகளை நீள்யன்னலாகப் பொருத்தினார். உருக்கு விலாக்களை உள்ளே தெரியவிட்டார். நிலத்திலே செங்கல்லையும், ஓக் மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத் துண்டுகளையும் பதித்தார். பாரிசில் செல்வந்தருக்குச் செய்ததைப் போரின் கழிவுப்பொருளைக் கொண்டு இங்கு செய்துகாட்டினார்.

அவருக்குக் கூலியாகக் கிடைத்தது அதே வளவில் ஒரு துண்டு நிலம். அதிலே தமக்கென ஓர் ஒற்றையறை வீட்டைக் கட்டினார். 1950இல் ஈஸ்ட் ஹம்ப்டனிலேயே காலமானார். மதர்வெல்லின் வீடு பின்னர் கைமாறி, 1985இல் இடித்துத் தள்ளப்பட்டது. அதன் ஒளிப்படங்களையே இன்று பார்க்கலாம்.

பாரிஸ் வீடு இன்னும் இருக்கின்றது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கண்ணாடிச் சுவருக்கு மேலே, அந்த மூதாட்டியின் பழைய மாடி தன் சாதாரண யன்னல்களுடன் அமர்ந்திருப்பது தெரியும்.