தலைப்பிரசவத்துக்கு முந்தைய நாட்கள் (பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்)

ஒரு பெண்ணின் முதல் பிள்ளைப்பேறு தலைப்பிரசவம் எனப்படும். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த நாள் முதல் வலி எடுக்கும் நாள் வரை உள்ள காலம் ஏறக்குறைய 4 வாரங்களிலிருந்து 10 வாரங்கள் வரை நீளும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களில் இக்காலத்துப் பெண்ணை 'நிறைமாதக்காரி' என்றும், 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்றும் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் காத்திருப்பாகத் தோன்றும். உண்மையில் தாயின் உடல்நலமும், பிரசவம் நடக்கும் இடமும், அருகில் இருப்பவர் யார் என்பதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் முடிவாகின்றன.

நாள் கணக்கு

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டி மருத்துவர்கள் பிரசவ நாளைக் குறிக்கிறார்கள். 9 மாதங்களோடு 7 நாட்களைச் சேர்த்தாலும் ஏறத்தாழ அதே நாள் வரும். 280 நாள் என்பது 28 நாள் கொண்ட 10 மாதங்கள். 'பத்து மாதம் சுமந்தவள்' என்று தமிழில் வழங்குவது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. 'ஒன்பது மாதம்தானே, பத்து என்று ஏன் சொல்கிறார்கள்?' என்று மாணவர்கள் கேட்பதற்கு இதுவே விடை.

குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருக்கும். 37 வாரம் முடிந்த பிறகு எந்த நாளும் பிரசவ நாளாகலாம். தலைப்பிரசவத்தில் நாள் சற்றுத் தள்ளிப் போவதும் வழக்கமே. ஆகவே 'இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது' என்று எண்ணிக்கொண்டு ஆயத்தங்களைத் தள்ளிப் போடக் கூடாது. குறித்த நாள் கடந்ததும் வீட்டார் கலங்கவும் தேவையில்லை. ஆனால் நாள் கடந்தால் வீட்டிலேயே காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வளைகாப்பும் தாய்வீட்டுப் பயணமும்

ஏழாம் மாதத்தில் அல்லது ஒன்பதாம் மாதத்தில், ஒற்றைப்படை மாதமாகப் பார்த்து வளைகாப்பு நடத்துவர். பெண்ணுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, சுமங்கலிப் பெண்கள் கண்ணாடி வளையல்களை அடுக்குவார்கள். பல வீடுகளில் முதலில் வேப்பிலைக் காப்பு போட்ட பின்புதான் கண்ணாடி வளையல் ஏறும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எனப் பல வகைச் சோறு படைப்பார்கள். சடங்கு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டார் அழைத்துச் செல்வார்கள். வசதியில்லாத குடும்பத்துப் பெண்களும் இந்த மகிழ்ச்சியை இழக்கக் கூடாது என்பதற்காக அங்கன்வாடி வழியாக அரசு சமுதாய வளைகாப்பை நடத்துகிறது. பல கர்ப்பிணிகள் ஒரே பந்தலில் வரிசையாக அமர்ந்து வளையல் பூட்டிக்கொள்வதை இரு மாவட்டங்களிலும் காணலாம்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்துக்குக் காரணம் எளியது. மாமியார் வீட்டில் நிறைமாதத்திலும் மருமகள் முழு வேலையிலிருந்து ஒதுங்கி இருக்க முடியாது. தாயிடம் அவள் மகளாக இருக்கலாம். வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தலபுராணமும் இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான். பிரசவ காலத்தில் மகள் இரத்தினாவதிக்குத் துணையிருக்கப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். சிவபெருமான் தாய் வடிவில் வந்து பேறு பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்த பிறகே மகளுக்கு விஷயம் புரிகிறது. சுகப்பிரசவம் ஆனவர்கள் அக்கோயிலுக்கு வாழைத்தார் காணிக்கை செலுத்துவது இன்றும் வழக்கம். பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலிலும் கர்ப்பிணிகள் வேண்டிக்கொள்கிறார்கள். வயிற்றில் தடவுவதற்கு அங்கே விளக்கெண்ணெய் தருவார்கள். பக்தியை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும் தாயுமானவர் கதையில் நடைமுறைக் கேள்விகள் இரண்டு இருக்கின்றன. வலி வரும்போது யார் அருகில் இருப்பார்? வழி அடைபட்டால் என்ன செய்வது? அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடுவதால் அங்குள்ள கரையோர ஊர்களுக்கு இரண்டாவது கேள்வி வெறும் கதையன்று.

ஊர் மாறும்போது பதிவும் மாற வேண்டும்

தாய்வீட்டு வழக்கத்தில் ஒரு சிக்கலும் உண்டு. ஏழு மாதம் ஒரு செவிலியர் கவனித்துவந்த பெண், மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரத்தில் வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். அவளுடைய இரத்த அழுத்தம் எவ்வளவு, இரத்தசோகை உண்டா, சர்க்கரை உண்டா, ஸ்கேனில் குழந்தை எப்படி இருந்தது என்பதெல்லாம் புது ஊர்ச் செவிலியருக்குத் தெரியாது.

இதற்காகத்தான் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் தரப்படுகிறது. 12 இலக்கம் கொண்ட இந்த எண்ணைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெறும்போதும் கேட்கிறார்கள். தாய்வீடு வந்த வாரத்திலேயே அவ்வூர்க் கிராம சுகாதார செவிலியரிடம் இந்த எண்ணையும், மகப்பேறு அட்டையையும், ஸ்கேன் தாள்களையும் காட்டிவிட வேண்டும். வளைகாப்புச் சீர்வரிசைத் தட்டுகளை எண்ணி எடுத்து வைப்பவர்கள் இந்த அட்டையை மாமியார் வீட்டு அலமாரியில் மறந்து வருவது அடிக்கடி நடக்கிறது.

பிரசவம் பார்க்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வருவதும் நல்லது. சிக்கல் இல்லாதவர்களுக்கு 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையம் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், குழந்தை தலைமேலாக இருப்பவர்கள் ஆகியோர் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனை அல்லது அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தையே முதலில் தீர்மானிக்க வேண்டும். அரியலூர் மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்ட 11 புதிய அரசுக் கல்லூரிகளுள் ஒன்று. அதற்கு முன் சிக்கலான பிரசவம் என்றால் திருச்சிக்கோ, தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ ஓட வேண்டியிருந்தது. இப்போதும் சில நேரங்களில் ஓட வேண்டியிருக்கிறது. பச்சைமலை அடிவாரம் போன்ற ஒதுக்குப்புற ஊர்களில் உள்ளவர்கள் குறித்த நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே மருத்துவமனையில் சேர்ந்துவிடுவது பாதுகாப்பு.

108 அவசர ஊர்தி தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. 2011 சூன் மாதத்திலிருந்து நடுவண் அரசின் தாய் சேய் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, உணவு, போக்குவரத்து அனைத்தும் இலவசம். ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03 காலத்தில் 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் மகப்பேற்று மரணம் 2018-20 காலத்தில் 54 ஆகக் குறைந்ததற்கு இத்தகைய ஏற்பாடுகள் பெரிதும் உதவின. ஆனாலும் ஊர்தி வீட்டு வாசலை அடைய வேண்டுமே. மழைக்காலத்தில் சோளக்காட்டு வண்டிப்பாதையில் வாகனம் வருமா, இல்லையென்றால் எந்த இடம் வரை பெண்ணை அழைத்து வர வேண்டும், இரவில் எந்த வீட்டு ஆட்டோ கிடைக்கும் என்பதைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தாயின் இரத்தப் பிரிவையும், தேவைப்பட்டால் இரத்தம் தர முன்வரும் உறவினர் ஒருவர் இருவரையும் அறிந்து வைத்திருப்பதும் இதில் அடங்கும்.

ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது

பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர் பெற்றது. செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி. இந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்களின் கையால் நடக்கிறது. களையெடுப்பும் பஞ்செடுப்பும் குனிந்தும் நின்றும் செய்ய வேண்டியவை. கூலிக்குப் போகும் பெண் நிறைமாதத்தில் நின்றுவிட்டால் அந்த வாரக் கூலி நின்றுவிடும்.

பணியிலிருப்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபின் 26 வாரச் சம்பள விடுப்பு கிடைக்கிறது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. வயலில் கூலி வேலை செய்பவளுக்கு விடுப்பு தர யாரும் இல்லை. அந்தக் கூலி இழப்பை ஈடுகட்டுவதே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் நோக்கம். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது பொருத்தமே. 2006இல் 6,000 ரூபாயாக இருந்த உதவி 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. இந்த 18,000இல் 14,000 பணமாகவும், மீதி தலா 2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். பணம் தவணை முறையில் வருவதால் வங்கிக் கணக்கு, ஆதார் விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று கடைசி மாதத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தவணை தள்ளிப்போனால் பெண் மீண்டும் காட்டுக்குப் போக நேரிடும்.

ஓய்வு என்பது படுத்தே கிடப்பதன்று. காலையிலும் மாலையிலும் சிறு நடை, இலேசான வீட்டு வேலை ஆகியவற்றால் கேடில்லை. பாரம் தூக்குவதும், வெயிலில் நெடுநேரம் நிற்பதும், பள்ளமும் மேடுமான பாதையில் இருசக்கர வண்டிப் பயணமும் வேண்டாம். தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். பகலில் ஒரு மணி நேரம் படுப்பதற்குக் குற்ற உணர்வு தேவையில்லை. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்து, முடிந்தால் இடப்பக்கமாகப் படுப்பது நல்லது.

உணவைப் பற்றி ஊரில் பல நம்பிக்கைகள் உண்டு. அதிகம் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்று சோற்றைக் குறைப்பது அவற்றுள் மிகக் கெட்டது. குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. அந்தப் பணத்துக்கு முட்டையும் கீரையும் கடலையும் வாங்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

சூட்டுவலியும் பிரசவ வலியும்

கடைசி வாரங்களில் வயிறு அவ்வப்போது இறுகித் தளரும். இதைச் சூட்டுவலி, பொய்வலி என்பார்கள். வீட்டில் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். வலி அடங்கினால் சூட்டுவலி, அடங்காவிட்டால் பிரசவ வலி என்று முடிவு செய்வார்கள். இதில் கஷாயத்தைவிடக் காத்துப் பார்ப்பதற்கே பங்கு அதிகம். உண்மையான வலி சீரான இடைவெளியில் வரும், இடைவெளி குறையும், ஒவ்வொரு வலியும் நீளும், நடந்தாலும் படுத்தாலும் விடாது. தலைப்பிரசவத்தில் வலி தொடங்கிப் பிறப்பு வரை 12 மணி நேரத்துக்கு மேலாவது இயல்பு. ஆகவே பதற்றம் வேண்டாம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையம் தொலைவில் இருந்தால் முன்னதாகவே புறப்பட வேண்டும். வலி வரவேண்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பது ஆபத்து.

சில அறிகுறிகளுக்குக் கஷாயமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் வழக்கமான அசைவு குறைதல், தாங்காத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், காய்ச்சல், வலிப்பு ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் விரைவாக. அசைவு குறைந்தபோது 'குழந்தை பிறக்கப் போகிறது, அதனால் அடங்கியிருக்கிறது' என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வது தவறான ஆறுதல். பிறக்கும் வரை குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

கணவனின் இடம்

தாய்வீட்டு வழக்கத்தில் அதிகம் பேசப்படாதவன் கணவன். திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை செய்யும் இவ்வட்டார இளைஞர்கள் பலர் பிறந்த குழந்தையைக் கைப்பேசியில்தான் முதலில் பார்க்கிறார்கள். உள்ளூரில் இருப்பவனும் மாமியார் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறான். இருவர் மட்டுமாக இருக்கும் காலத்தின் கடைசி வாரங்கள் இவை. குழந்தை வந்தபின் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசக் கிடைப்பது அரிது. அடுத்த பரிசோதனைக்குக் கணவனே அழைத்துச் சென்றால் பேசவும் நேரம் கிடைக்கும், மருத்துவர் சொல்வதை அவனும் நேரில் கேட்பான். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கையெழுத்திட யாரைக் கேட்பது என்று நள்ளிரவில் இரு வீட்டாரும் விவாதிக்கும் நிலையும் தவிரும். பிரசவத்தின்போது உடனிருக்க ஒரு பெண் துணையை அரசு மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. அது தாயா, அக்காவா, நாத்தனாரா என்பதைக் கர்ப்பிணியிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பையும் முதல் ஒரு மணி நேரமும்

36ஆம் வாரத்தில் ஒரு பை கட்டி வைத்துவிடலாம். மகப்பேறு அட்டை, ஆதார், ஸ்கேன் தாள்கள், முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, நாப்கின், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணிகள், கைப்பேசி சார்ஜர், சிறிது சில்லறைப் பணம் போதும். குழந்தைக்குப் புதுத்துணியை விடப் பழைய வேட்டித் துணியே மென்மை.

பையில் வைக்கக் கூடாதது ஒன்று உண்டு: சேனை. பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ வைக்கும் இவ்வழக்கத்தை, குணமுள்ள பெரியவர் ஒருவர் வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கும் வரும் என்று நம்பிச் செய்கிறார்கள். அதனால் தொற்று வரலாம். தாய்ப்பால் தொடங்குவதும் தள்ளிப்போகும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பால்தான் தர வேண்டும். மஞ்சளாகக் கெட்டியாக இருப்பதால் அதைக் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சிக் கொட்டிய காலமும் இருந்தது. பாட்டிமார்களிடம் இதைப் பிரசவ அறை வாசலில் சொன்னால் மனம் வருந்துவார்கள். அவர்கள் முறம் போட்டு உட்கார்ந்து பேசும் நிறைமாத மாலைகளில் ஒன்றில் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.