கருப்பை உட்படலப் புற்றணுக்களும் எதிர்ப்பாற்றலின் கடிவாளமும்

ஈப்போவிலும் சுங்கை சிப்புட் வட்டாரத்து முன்னாள் ரப்பர்த் தோட்டக் குடியிருப்புகளிலும் புற்றுநோய் பற்றிய பேச்செழுந்தால், ‘உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது’ என்னும் விளக்கத்தையே பெரிதும் கேட்கிறோம். அச்சக்தியைக் கூட்டுவதாகக் கூறப்படும் மாவும் சாறும் விற்பனையாவதும் இதனால்தான். கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கு இவ்விளக்கம் போதாது என்பதை இக்கட்டுரையில் காட்ட முற்படுகிறோம்.

கருவின் மரபுக்கூறுகளில் பாதி தந்தையுடையவை. ஆயினும் தாயின் எதிர்ப்பாற்றல் அதனை அயற்பொருளென்று அழிப்பதில்லை. இஃது எவ்வாறு என்னும் வினாவைப் பீட்டர் மெடவார் 1953இல் எழுப்பினார். எதிர்ப்பாற்றலுக்குத் தாக்கும் திறனோடு அடங்கும் திறனும் உண்டு என்பது விடையின் ஒரு பகுதி. புற்றணு இவ்வடக்கத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

இதனை உடலுக்கு வெளியே ஆராய உதவுவன, கட்டியிலிருந்து எடுத்து ஊட்டக்கரைசலில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் அணுக்கள். ஜப்பானியர் உருவாக்கி 1985இல் அறிவித்த இஷிகாவா அணுவரிசை இத்துறையில் பரவலாகப் பயன்படுகிறது. இத்தகைய அணுக்களில் ஆராயப்படும் மூலக்கூறுகளுள் ஒன்று பிடி-எல்1. தாக்க வரும் டி-அணுவிலுள்ள பிடி-1 ஏற்பியோடு இது பொருந்தியதும் டி-அணு செயலடங்குகிறது. ஐடிஓ என்னும் நொதியோ, டி-அணுவுக்கு வேண்டிய டிரிப்டோபானைச் சிதைத்துவிடுகிறது. இவற்றினும் வியப்பானது வேறொன்று: டி-அணு தாக்கும்போது சுரக்கும் இண்டர்ஃபெரான் காமா, புற்றணுவில் இவ்விரண்டையும் பெருக்கவல்லது. எனவே சக்தியைக் கூட்டினால் மட்டும் போதும் என்பது பொருந்தாது. இம்மூலக்கூறுகளைச் ‘சோதனைச்சாவடி’ என மொழிபெயர்ப்பதைவிடக் ‘கடிவாளம்’ என்பதே பொருத்தம் எனக் கருதுகிறோம். சாவடி ஆளைச் சோதித்து அனுப்புவது. இங்கே நிகழ்வதோ இழுத்துப் பிடித்தல்.

பிடி-1 பிணைப்பைத் தடுக்கும் மருந்தொன்று, மரபணுப் பழுதுநீக்கக் குறைபாடுள்ள கட்டிகளுக்கென 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உட்படலப் புற்றுநோய்களுள் ஏறத்தாழக் கால் பங்கு இவ்வகையின. ஒருவருக்கு இம்மருந்து ஏற்றதா என்பதைக் கட்டியைச் சோதித்தே அறிய இயலும்.

அச்சோதனைக்கு முன்னரே ஒரு சொற்குழப்பம் குறுக்கிடுகிறது. நம் வட்டாரத் தாய்மார் வழக்கில் கருப்பை வாய்ப் புற்றுநோயும் உட்படலப் புற்றுநோயும் ஒன்றாகவே ‘கர்ப்பப்பைப் புற்று’ எனப்படுகின்றன. மலாய்மொழியிலோ ‘பங்கால் ரஹிம்’, ‘ரஹிம்’ எனப் பிரித்து வழங்குவர். பாப் ஸ்மியர் சோதனை கருப்பை வாய்க்குரியது. உட்படல நோயைக் கண்டறிய அதனை நம்பியிருத்தல் இயலாது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் கசிவதை ‘உடற்சூடு’ என ஒதுக்கும் ஒருவர், பாப் ஸ்மியர் முடிவு நன்றென்று கேட்டதும் மருத்துவமனைக்குச் செல்லாமலே இருந்துவிடக்கூடும். தோட்ட மருந்தகத்து டிரஸ்சரிடம் சொல்லும் வழியும் தோட்டங்களோடு போயிற்று.