காலையில் கடைக் கம்ப்யூட்டரை எழுப்புவது எது?

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் என்றால் திருத்தணி வட்டாரத்து மளிகைக் கடைக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. காவடி எடுத்து வரும் கூட்டம் ஒரு பக்கம். கற்பூரம், பச்சரிசி, வெல்லம், பருப்பு என்று கிராமத்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலை மறுபக்கம். அப்படிப்பட்ட ஒரு நாளில் கே.ஜி.கண்டிகையில் மொத்தமும் சில்லறையுமாக வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் கடையில் பில் போடும் இடங்கள் மூன்று. மூன்றுக்கும் தலைமையாக உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதைத்தான் நாம் சர்வர் என்கிறோம். சரக்கு இருப்பு, விலைப் பட்டியல், வாடிக்கையாளர்களின் பற்று வரவு, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதில்தான். முதல் நாள் மாலை பழுது பார்க்க வந்தவர், விண்டோஸ் நிறுவுவதற்கான பென் டிரைவை அதன் பின்பக்கம் செருகியபடியே மறந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் வழக்கமான திரை வரவில்லை. எந்த மொழி வேண்டும் என்று கேட்டுவிட்டு, புதிதாக நிறுவலாமா என்று ஒரு பொத்தான் வந்து நின்றது. கடைப் பையன் அதை அழுத்தப் போன நேரத்தில் நண்பர் உள்ளே வந்து தடுத்தார். இன்னும் நாலைந்து பொத்தான்களை அவன் அழுத்தியிருந்தால் பல வருடக் கணக்கு அழிந்து போயிருக்கும்.

கதை அதோடு முடியவில்லை. விவரம் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் உள் அமைப்புத் திரைக்குள் நுழைந்து, எதை எதையோ மாற்றிவிட்டார். அதன்பின் ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. மதியம் வேறொருவர் வந்து பாதியைச் சரி செய்தார். இப்போது நீலத் திரை வந்து 48 இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் கேட்டது. அப்படி ஓர் எண் இருப்பதே நண்பருக்குத் தெரியாது. முதன்முதலில் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவரின் இணையக் கணக்கில் அது இருப்பது சாயங்காலம்தான் தெரிய வந்தது. அன்று முழுவதும் கையால் பில் எழுதினார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

இதில் யாரும் திருடவில்லை, எந்தப் பொருளும் கெடவில்லை. இரண்டு அமைப்புகள் சரியாக இல்லை, ஓர் எண் கையில் இல்லை. அவ்வளவுதான். அந்த இரண்டு அமைப்புகள் பூட் ஆர்டர், செக்யூர் பூட் என்பவை.

சுவிட்ச் போட்டதும் நடப்பது என்ன?

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வந்ததும் அது நேராக விண்டோஸுக்குப் போவதில்லை. தாய்ப் பலகையில் உள்ள ஒரு சிறு சிப்பில் ஒரு புரோகிராம் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. பழைய இயந்திரங்களில் இதற்குப் பயாஸ் என்று பெயர். இப்போது வருபவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்று பெயர். அது முதலில் மெமரி, கீபோர்டு, டிஸ்க் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு தன்னிடம் உள்ள ஒரு வரிசைப்படி, முதலில் பென் டிரைவா, டிஸ்க்கா, டி.வி.டி.யா, நெட்வொர்க்கா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எதில் முதலில் தொடக்கப் புரோகிராம் கிடைக்கிறதோ, அதனிடம் மொத்தக் கம்ப்யூட்டரையும் ஒப்படைத்துவிடும். இந்த வரிசைதான் பூட் ஆர்டர்.

கடைச் சாவியை யார் யாரிடம், எந்த வரிசையில் கொடுப்பது என்று நாம் முடிவு செய்வது போலத்தான் இதுவும். அந்த வரிசையில் பென் டிரைவ் முதலில் இருந்தால், அதைச் செருகிய எவரும் நம் கடையை நமக்கு முன்னால் திறந்துவிடலாம். நண்பரின் கடையில் நடந்தது இதுதான்.

ஃபிளாப்பி காலத்துப் பாடம்

இது புதிய ஆபத்து அல்ல. 1986ஆம் ஆண்டு லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெயின் என்ற வைரஸ், ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில்தான் குடியிருந்தது. 1990இல் நம் இந்தியாவிலிருந்தே ஜோஷி என்ற வைரஸ் கிளம்பியது. ஜனவரி 5ஆம் தேதி வந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து டைப் செய்தால்தான் நகரும். மார்ச் 6ஆம் தேதி டிஸ்க்கில் உள்ளதை அழிக்கும் மைக்கேலாஞ்சலோ வைரஸ், 1992இல் உலகம் முழுவதும் பீதியைக் கிளப்பியது.

இவை எல்லாம் பரவியது ஒரே வழியில்தான். முதல் நாள் வேலை செய்த ஃபிளாப்பியைக் கருவியிலேயே விட்டுவிட்டு, மறுநாள் சுவிட்ச் போடுவார்கள். அக்காலத்து வரிசையில் ஃபிளாப்பிதான் முதலில் இருந்தது. ஆகவே ஃபிளாப்பியில் இருந்த வைரஸ்தான் முதலில் எழும். ஜோஷியும் மைக்கேலாஞ்சலோவும் ஹார்டு டிஸ்க்குக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். வரிசையை மாற்றி டிஸ்க்கை முதலில் வையுங்கள் என்று அன்றே நிபுணர்கள் சொன்னார்கள். ஃபிளாப்பி போய்விட்டது, பென் டிரைவ் வந்துவிட்டது. அந்த அறிவுரை மட்டும் மாறவில்லை.

பிற்காலத்தில் ஆபத்து பெரிதாயிற்று. 2017 ஜூன் 27ஆம் தேதி உலகெங்கும் பரவிய நாட்பெட்யா, டிஸ்க்கின் தொடக்கப் பகுதியையே மாற்றி எழுதியது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு சரக்கு முனையத்தின் வேலை அதனால் தடைப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே அந்த நிலை என்றால் நம் கடைகள் எம்மாத்திரம்?

முத்திரை பார்க்கும் செக்யூர் பூட்

எடைக்கல்லுக்கும் தராசுக்கும் அரசு முத்திரை வாங்க வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்திரை இல்லாத கல்லைக் கடையில் வைத்திருந்தால் அபராதம். செக்யூர் பூட் செய்வதும் இதைத்தான். எழ வரும் தொடக்கப் புரோகிராமில் நம்பகமான நிறுவனத்தின் மின்னணு முத்திரை இருக்கிறதா என்று சிப்பில் உள்ள புரோகிராம் பார்க்கும். இருந்தால் விடும், இல்லாவிட்டால் நிறுத்திவிடும். ஏற்கத்தக்க முத்திரைகளின் பட்டியல் ஒன்றும், ரத்து செய்யப்பட்டவற்றின் பட்டியல் ஒன்றும் அதனிடம் இருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இது பரவலாயிற்று. விண்டோஸ் 11 நிறுவ வேண்டுமானால் இந்த வசதி உள்ள இயந்திரம்தான் வேண்டும். உபுண்டு போன்ற முக்கிய லினக்ஸ் வகைகளும் முத்திரையுடனேயே வருகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நண்பரின் கம்ப்யூட்டரில் செக்யூர் பூட் முதலிலிருந்தே இயங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏன் அந்தப் பென் டிரைவைத் தடுக்கவில்லை? ஏனென்றால் அது முறையான விண்டோஸ் பென் டிரைவ். அதில் முத்திரை சரியாகவே இருந்தது. செக்யூர் பூட் கள்ளப் புரோகிராமைத்தான் தடுக்கும். நல்ல புரோகிராம் வேண்டாத நேரத்தில் எழுவதை அது தடுக்காது. அதைத் தடுப்பது பூட் ஆர்டர். ஒன்று வாசலில் முத்திரை பார்ப்பது, மற்றொன்று யார் முதலில் வரலாம் என்று சொல்வது. இரண்டும் வேண்டும். இவற்றை யாரும் மாற்றிவிடாமல் இருக்க, அமைப்புத் திரைக்கு ஒரு பாஸ்வேர்டும் வேண்டும்.

முத்திரை என்றால் அதற்குக் காலாவதியும் உண்டு. செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011இல் வழங்கிய சான்றுகள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குபவை. அதனால் கம்ப்யூட்டர் எழாமல் நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றுகள் வந்து சேராத இயந்திரத்துக்குத் தொடக்கப் பகுதிக்கான புதிய பாதுகாப்புகள் கிடைக்காது. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நலம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

48 இலக்க எண்

இப்போதைய விண்டோஸில் டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி இருக்கிறது. பல கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் இதுபோன்ற பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. செக்யூர் பூட்டையோ தொடக்க முறையையோ யாராவது மாற்றினால், திருடன் கைவைத்துவிட்டான் என்று அது சந்தேகப்படும். உடனே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளதை எடுக்க வழியே இல்லை.

2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எழாமல் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அன்று பல நிறுவனங்களில் வேலை தாமதமானதற்கு இந்த மீட்பு எண்ணைத் தேடியதும் ஒரு காரணம்.

நமக்கு இதில் என்ன நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். நம்மைப் போல ஆந்திர எல்லையோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. நகரிக்கோ புத்தூருக்கோ 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பினால் இ-வே பில் கட்டாயம். சர்வர் எழாவிட்டால் பில் இல்லை, பில் இல்லாவிட்டால் லாரி கிளம்பாது.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் மீட்பு எண். அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். எண்ணைத் தாளில் அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைப்பதால் பயனில்லை.

2. எதையும் மாற்றும் முன் கணக்குகளைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அமைப்பை மாற்றும்போது பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

3. அமைப்புத் திரைக்குப் போக, சுவிட்ச் போட்டவுடன் ஒரு விசையைத் தட்ட வேண்டும். பொதுவாக டெல் என்றால் எஃப்2, எச்.பி. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் எஃப்10, லெனோவா மேஜைக் கம்ப்யூட்டர் பலவற்றில் எஃப்1. உதிரி வாங்கிச் சேர்த்தவற்றில் பெரும்பாலும் டெலீட். இப்போது உள்ள அமைப்பை மாற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பூட் ஆர்டரில் விண்டோஸ் உள்ள டிஸ்க்கை முதலில் வையுங்கள். பென் டிரைவ், டி.வி.டி., நெட்வொர்க் மூலம் எழும் வசதிகளை அணைத்துவிடுங்கள். பழுது பார்க்கும் நாளில் மட்டும் திறந்தால் போதும்.

5. யு.இ.எஃப்.ஐ. என்று இருப்பதை லெகஸி என்று மாற்றாதீர்கள். யு.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவிய விண்டோஸ் லெகஸியில் எழாது. நண்பரின் டிஸ்க் காணாமல் போனது இதனால்தான். முன்பே லெகஸியில் ஓடும் பழைய இயந்திரத்தையும் விவரம் அறிந்தவர் இல்லாமல் மாற்ற வேண்டாம்.

6. செக்யூர் பூட் இயங்குகிறதா என்று விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியிலேயே பார்க்கலாம். பயாஸ் மோட் யு.இ.எஃப்.ஐ. என்றும், செக்யூர் பூட் ஸ்டேட் ஆன் என்றும் இருக்க வேண்டும்.

7. அமைப்புத் திரைக்குப் பாஸ்வேர்டு போட்டு, அதையும் தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். மறந்துவிட்டால் பல இயந்திரங்களில் அதை நீக்குவது பெரும்பாடு.

8. மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் சர்வர் தானாக எழ வேண்டுமா என்பதற்கும் அங்கேயே ஓர் அமைப்பு உண்டு. உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

9. தாய்ப் பலகையில் 2032 என்ற எண்ணுள்ள நாணயம் போன்ற சிறு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் கடிகாரம் பின்னுக்குப் போகும். பல இயந்திரங்களில் பூட் ஆர்டரும் பழையபடி மாறிவிடும். பில்லில் தேதி தவறாக வரும், ஜி.எஸ்.டி. தளமும் திறக்க மறுக்கும். சில பத்து ரூபாய்ப் பொருள்தான். தேதி ஒரு முறை தவறினாலே மாற்றிவிடுங்கள்.

10. பழுது பார்த்தவர் கிளம்பும்போது, கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்து மீண்டும் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகே கூலி கொடுங்கள்.

நண்பர் இப்போது இரவு கடை கட்டும் முன், கல்லாவை எண்ணிய பிறகு, சர்வரின் பின்பக்கம் ஒரு முறை கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறார். இரும்புப் பெட்டியில் சாமி படத்துக்குக் கீழே 48 இலக்க எண் எழுதிய தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டுகிறேன். திருவிழாக் கூட்டம் வாசலில் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.