அடிமரம் போனாலும் ஆலமரம்தான்!

அந்த வீட்டு பீரோ கண்ணாடியின் மேல் ஒரு பழைய புடவை தொங்கிக்கொண்டிருந்தது. காயப் போட்டதல்ல... மறைக்கப் போட்டது!

எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை அவர். வயது 48. மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை அகற்றி எட்டு மாதமாகியிருந்தது. கீமோ சிகிச்சையும் முடிந்துவிட்டது. "நல்லா இருக்கீங்கம்மா. மூணு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வந்தா போதும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்த உறவுக்காரர்கள், "கண்டம் தப்பிச்சியே, அதுவே பெரிசு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால், அவர் மனசுக்குள்?

"கண்டம் தப்பிச்சது உடம்புதாங்க. குளிக்கிறப்போ குனிஞ்சு பார்க்க மாட்டேன். ஒரு கல்யாணம், காட்சின்னு போகலை. அவர் ஆசையா மல்லிப்பூ வாங்கிட்டு வந்தா, 'எனக்கு எதுக்கு இதெல்லாம்'னு சாமி படத்துக்குப் போட்டுடுவேன். நான் பாதிப் பொம்பளைன்னு நானே முடிவு கட்டிட்டேன்" என்கிறார்.

அவரை வெளியே கிளப்பியவர் நாத்தனார்தான்.

"அண்ணி, யாரையும் பார்க்க வேண்டாம், யார்கிட்டயும் பேச வேண்டாம். ஒரு மரத்தைப் பார்த்துட்டு வந்துடலாம், கிளம்புங்க."

போன இடம், சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் இருக்கும் பெரிய ஆலமரம். வயது சுமார் 450 வருடம் என்கிறார்கள். விழுதுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"இதுல அடிமரம் எது?"

"அது இல்லை அண்ணி. 1989-ல அடிச்ச புயல்காத்துல சாய்ஞ்சுடுச்சு."

"அப்புறம் எப்படி இது நிக்குது?"

நியாயமான கேள்வி! ஆலமரத்தின் கிளைகளிலிருந்து விழுதுகள் இறங்குகின்றன. மண்ணைத் தொட்டதும் வேர் பிடிக்கின்றன. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சி, வருடங்கள் போகப் போகத் தூண்களாகத் தடித்துவிடுகின்றன. அதனால்தான் அடிமரம் போன பிறகும் விழுதுகள் மரத்தைத் தாங்கிக்கொண்டன.

"அன்னிக்கு ஒண்ணும் பெரிசா தோணலை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல அழுதேன். ஆனா, அந்த மரம் மட்டும் மனசுல நின்னுடுச்சு. மறுவாரம் நானே, 'போலாமா?'ன்னு கேட்டேன். நாலஞ்சு தடவை போய் உட்கார்ந்த பிறகுதான் ஒண்ணு உறைச்சுது. இதை யாரும் பாதி மரம்னு சொல்றதில்லையே! என்னை மட்டும் நான் ஏன் அப்படிச் சொல்லிக்கறேன்?"

பீரோ கண்ணாடியிலிருந்து அந்தப் புடவை இறங்க, அதற்குப் பிறகும் மூன்று மாதமாயிற்று.

மரத்தடியில் மனசுக்கு என்ன நடக்கிறது?

அரைத்த மாவையே அரைப்பது மனசின் கெட்ட பழக்கம். 'எனக்கு ஏன் இப்படி? நான் எதுக்கு லாயக்கு?' என்று திரும்பத் திரும்ப அதே நினைப்பு. 2015-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 38 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை மரம், புல்வெளி உள்ள பாதையிலும், மற்றதை வாகனங்கள் ஓடும் சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்க வைத்தார்கள். பசுமையில் நடந்தவர்களுக்கு இந்த 'அரைப்பது' குறைந்திருந்தது. மூளையில் அதோடு தொடர்புள்ள ஒரு பகுதியின் வேகமும் தணிந்திருந்தது.

2019-ல் வெளியான இன்னொரு ஆய்வில் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை விசாரித்தார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு கழித்தவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரமோ, தினம் கொஞ்சமோ, பலனில் வித்தியாசம் தெரியவில்லை. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் வகை ஆய்வல்ல இது. இருந்தாலும், முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லையே!

நீங்களும் செய்யலாம்

1. தெருமுனை வேப்பமரம், கோயில் நந்தவனம், மொட்டைமாடித் தொட்டிச் செடி... எதுவானாலும் சரி. ஒரே இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மாற்றங்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

2. செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, இருபது நிமிடம் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் இலை, எறும்பு, அணில், காற்றின் சத்தம் என்று வெறுமனே கவனியுங்கள்.

3. பிறகு, உங்களை அரிக்கும் விஷயத்தை நினைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி: 'என் உயிர்த்தோழிக்கு இப்படி ஆகியிருந்தால் நான் என்ன சொல்வேன்?' அந்த பதிலை உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்தவருக்குக் காட்டும் கரிசனத்தில் பாதியைக்கூட நமக்கு நாம் காட்டுவதில்லை!

4. அழுகை வந்தால் அடக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தோன்றியதை நாலு வரி எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் படித்தால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

கவனம்!

மரத்தடி, மருந்துக்கு மாற்று அல்ல. செக்கப்பையும் மாத்திரையையும் தள்ளிப் போடக் கூடாது. மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் வீக்கம் வர வாய்ப்புண்டு. பூங்காவுக்குப் போகும்போது முள் கீறாமல், பூச்சி கடிக்காமல் முழுக்கை ரவிக்கை அணியுங்கள். கை சிவந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, சாவைப் பற்றிய நினைப்பு என்று இருந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம்.

சரி, நம் ஆசிரியை இப்போது எப்படி இருக்கிறார்?

உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பு பற்றி டாக்டரிடம் தானாகவே போய்க் கேட்டார். வாங்கியும் இருக்கிறார். "ஸ்கூலுக்குப் போறப்போ வெச்சுப்பேன். வீட்டுல வேண்டாம்னு விட்டுடுவேன். என் இஷ்டம்!" என்று சிரிக்கிறார்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்கும் போய் வந்தாராம்.

"கீமோவுல கொட்டின முடி இப்பதான் முளைச்சிருக்கு. இந்தத் துளியூண்டு முடியில பூ எங்கே நிக்குது? அவர்தான் நாலு ஹேர்பின் குத்தி வெச்சு விட்டார்!"